மோடத்துக்கு வைத்த பொட்டு

போன வாரம் ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்க வில்லியனூர்ப் பக்கம் ஒரு சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். நான் படி ஏறும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"சர்வர் டவுன் ஆயா. நாளிக்கி வா."

"எப்பலருந்து டவுனு?"

"காலைலருந்து."

"இப்ப பாத்தியா?"

"டவுன்னா டவுன்தான ஆயா. பாத்து இன்னா பண்றது?"

ஆயா என்றதைக்கூட மன்னித்துவிடுவேன், தலை நரைத்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் "பாத்து இன்னா பண்றது" என்றாளே, அதை மன்னிக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் மடுகரையிலிருந்து பஸ் மாறி வந்த ஓர் அம்மா நின்றிருந்தாள். அவள் ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்தாள். கூலி போன நாள் அவளுக்கு. அந்தப் பெண்ணை அங்கேயே திட்டியிருப்பேன். ஒருத்தியைத் திட்டினால் ஒருத்திக்குத்தான் உறைக்கும். புதிதாக மையங்களில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே தடவையாகத் திட்டிவிடலாம் என்றுதான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் செல்வி. அவள் யார் என்று பிறகு வரும்.

நானும் உங்கள் தொழிலில் இருந்தவள்தான். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. எங்கள் மகளிர் குழு ஒரு தகவல் மையம் நடத்தியது. கோயிலுக்குப் பக்கத்தில் வலை போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது, அதைக் காலி செய்து கொடுத்தார்கள். சாவி என் இடுப்பில் இருக்கும். ஆம்பளைகளிடம் சாவி போனால் மறுநாளே அது சீட்டு விளையாடும் இடம் ஆகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆம்பளைகளுக்கும் தெரியும். நான் மூன்றாவதோடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் பாகூர்ச் சந்தையிலும் வில்லியனூர்ச் சந்தையிலும் மீன் விற்ற குரல் என்னுடையது. நான் கூவினால் அடுத்த தெருவில் அடுப்பிலிருக்கும் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். அதனால் மைக் எனக்கு, கம்ப்யூட்டர் செல்விக்கு என்று குழுவில் முடிவானது.

வேலை என்னவென்றால், கடல் பக்கம் என்று ஒன்று கம்ப்யூட்டரில் வரும். இன்றைக்கு அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று அதில் போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் படகுகள் பிற்பகலில் இறங்கி இரவெல்லாம் வலை விட்டு விடியலில் திரும்புகிறவை. அவை இறங்குவதற்கு முன்னால் செல்வி அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். நான் மைக்கில் சொல்வேன். கோயில் கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக அது கரை முழுக்கக் கேட்கும்.

கம்ப்யூட்டர் யாரோ ஒரு கம்பெனியார் பழசாகிவிட்டது என்று கொடுத்தது. அதில் விண்டோஸுக்குப் பதில் பென்குயின் படம் போட்ட லினக்ஸ் இருந்தது. அதைப் போட்டவர் புதுச்சேரி டவுனிலிருந்து வந்த ஒரு சார். அவர் பெயரை நாங்கள் சொன்னதே இல்லை, எப்போதும் கழுத்தில் ஒரு வயரை மாலை மாதிரி போட்டுக்கொண்டு வருவதால் வயர் சார். சிடுமூஞ்சி. வந்தால் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். தப்பாக ஒரு பொத்தானை அழுத்தினால் "கைய வச்சிக்கினு சும்மா இரு" என்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான்.

முதலில் நெட்டு டெலிபோன் கம்பி வழியாக வந்தது. உப்புக்காற்று கம்பியைத் தின்றுகொண்டே இருந்தது. அதனால் மோடம் வாங்கச் சொன்னார் வயர் சார். கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரியது, உள்ளே போனுக்குப் போடுகிற சிம் போட வேண்டும், கம்ப்யூட்டரில் செருகினால் நெட்டு வரும் என்றார். நானும் செல்வியும் டவுன் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் எங்கள் கம்ப்யூட்டர் எது என்று கேட்டான். செல்வி லினக்ஸ் என்றாள். அவன் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

"லினக்ஸ்லலாம் இது ஓடாதும்மா. விண்டோஸ் போட்டுக்கினு வாங்க."

"ஓடலன்னா திருப்பிக் கொண்டாந்து குடுக்கிறேன், குடு," என்றேன்.

"திருப்பி வாங்க மாட்டோம்மா."

"அப்ப ஓடும். குடு."

கொண்டுவந்து செருகினோம். உடனே திரையில் வட்டத் தட்டு ஒன்றின் படம் வந்தது. சிடி படம். செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைத் திறந்தாள், உள்ளே என்னென்னமோ இருந்தது, ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிகிறதே, விளக்கு எரிகிறதே என்று முற்பகல் முழுக்க அதையே அழுத்திக்கொண்டிருந்தாள். மத்தியானம் வயர் சார் வந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

"மோடம் எங்க?"

"இதோ சார், செருகியிருக்கேன்."

"அது மோடம் இல்ல. இன்னும் மோடம் வர்ல. இது சிடி."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னது இதுதான்: அந்தச் சின்னக் குச்சிக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். செருகியதும் முதலில் வெளியே வருகிறவன் சிடி. விண்டோஸுக்கு வேண்டிய சாமானை அவன்தான் தூக்கிக்கொண்டு வருகிறான். லினக்ஸுக்கு அவன் வேண்டாம். அவனை வெளியே அனுப்பினால்தான் பின்னால் நிற்கிற மோடம் முன்னால் வரும். சொல்லிக்கொண்டே ஏதோ ஒரு சொல்லைத் தட்டினார். சிடி படம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு நீலமானது. எந்த ஊர், எந்த சிம் என்று அது கேட்டதற்கெல்லாம் பதில் போட்டார். கடல் பக்கம் வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மீன் ஏலத்தில் படகுக்காரனுக்கு முன்னால் தரகன் வந்து நிற்பான். அவனோடு பொழுதெல்லாம் பேசலாம், மீன் கைக்கு வராது. அவனை ஒதுக்கினால்தான் படகுக்காரனிடம் பேச முடியும். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. தினமும் நான் கேட்பேன், "தரகன் போய்ட்டானா?" செல்வி சொல்வாள், "போய்ட்டான்க்கா, வாங்க."

அறைக்குள் சிக்னல் சரியாக வராது. நீண்ட வயர் ஒன்றைப் போட்டு சிக்னலைப் பிடிக்கட்டும் என்று மோடத்தைப் பூரி எடுக்கிற ஜல்லிக் கரண்டியில் கட்டி, பாகூர் டவர் பக்கமுள்ள ஜன்னலில் தொங்கவிட்டோம். அதைப் பார்த்துப் போகிற ஒவ்வொருத்தனும் ஒரு யோசனை சொன்னான். தேங்காய் மூடிக்குள் வை, குடத்தின் மேல் வை, தென்னை மரத்தில் ஏற்று. ஒருத்தன் எலுமிச்சம்பழத்தைக் கட்டச் சொன்னான். இவர்கள் யாரும் வலை கிழிந்தால் அடுத்தவன் பேச்சைக் கேட்க மாட்டார்கள். மோடம் என்றால் மட்டும் ஊரே இன்ஜினீயர்.

வயர் சார் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே இரண்டு வார்த்தை சொன்னார். "இது வேலை செய்யலன்னா பயப்படாதீங்க. வேலை செய்யற மாதிரி இருக்கும் பாருங்க, அப்ப பயப்படுங்க." செல்வி தலையை ஆட்டினாள். "பக்கத்தப் பாக்கறதுக்கு முன்னாடி அதுல தேதியப் பாருங்க. எப்பவும்." அவ்வளவுதான். பாடம் நடத்தவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் ஒருநாள் விடாமல் நடத்தினோம். அந்தக் கதையெல்லாம் உங்களுக்கு வேண்டாம். எல்லாம் சரியாக நடந்த நாளில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூசையென்றால் படகு, இன்ஜின், வலை, கத்தி, தராசு, ஐஸ் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சாமிக்கு முன்னால் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் கற்பூரம் காட்டி எடுத்த பிறகுதான் வேலைக்கு எடுக்கலாம். மையத்திலும் கம்ப்யூட்டர், மைக், மோடம் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மனைப் பலகையில் வைத்திருந்தோம். செல்வியின் வீட்டுக்காரன் ஏழுமலை அந்த வருஷம்தான் புது இன்ஜின் எடுத்திருந்தான். அதற்குச் சந்தனம் வைத்தது போக ஒரு கிண்ணம் மீந்துவிட்டது. கிண்ணத்தோடு நேராக மையத்துக்கு வந்துவிட்டான். "உங்க சாமானுக்கும் நானே வச்சி வுட்டுர்றன்க்கா" என்றான். நல்ல மனசோடுதான் வந்தான். (இந்த இடத்தில் செல்வி பேனாவை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். எழுதடி.)

மறுநாள் மத்தியானம் கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் மாட்டினோம். பூசைக்குப் பிறகு முதல் இறக்கம் என்பதால் பூசாரி நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்குள் படகு தண்ணீரைத் தொட வேண்டும். ஏழுமலையின் இன்ஜின் மாலையோடு நின்றது. கரையில் எல்லோரும் தயார்.

செல்வி மோடத்தைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"தரகன் போய்ட்டானா?" என்றேன்.

"தரகனே வர்லக்கா."

"அப்ப மோடம் வந்துடுச்சா?"

"அதுவும் வர்ல. உள்ள ஒருத்தருமே இல்லாத மாதிரி காட்டுது."

எடுத்தாள், செருகினாள். வேறு ஓட்டையில் செருகினாள். வயர் சார் சொல்லிக் கொடுத்த சொற்களையெல்லாம் தட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்தது. வயர் சாருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூசை விடுமுறையில் ஆபீஸ்களில் எடுக்க ஆளில்லை. ரேடியோவில் பொதுவாக மழை வரலாம் என்றார்கள், எங்கள் கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போது எங்கள் பையன்களிடம் இருந்தவை பொத்தான் போன்கள், பேசத்தான் முடியும்.

ஆனால் திரையில் கடல் பக்கம் இருந்தது. அதுதான் வினை. பூசைக்கு முதல்நாள் திறந்து வைத்ததைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்து அப்படியே காட்டியது. அலை கம்மி, காற்று கம்மி. பார்க்க இன்றைக்குப் போட்டது போலவே பளிச்சென்று இருந்தது.

ஏழுமலை வாசலில் வந்து நின்றான்.

"இன்னாக்கா, இன்னும் மைக் போடல? நேரம் போவுது."

"நெட்டு வர்லடா."

அவன் தலையை நீட்டித் திரையைப் பார்த்தான். "அதான் கீதே. அலை கம்மின்னு போட்ருக்குது இல்ல?"

செல்வி திரும்பினாள். "யோவ், அது முந்தாநேத்து பக்கம்யா. தேதியப் பாரு."

"ரெண்டு நாள்ல மாறிப்போறதுக்குக் கடலு இன்னா உன் மூஞ்சியா? வெளிய வந்து பாரு, குளத்துத் தண்ணி மாதிரி கெடக்குது. படிச்சி வுடுக்கா."

பின்னாலேயே பஞ்சாயத்துப் பெரியவர் ஒருத்தர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் ஏழுமலை மாதிரி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பழச படிக்க வேணாம்மா, அது தப்பு. நீ பேசாம இருந்துடு. மைக் பேசலன்னா ஒன்னும் இல்லன்னு அவனுங்களே புரிஞ்சிக்குவானுங்க. உன் மேலயும் பேச்சு வராது."

இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மையம் வருவதற்கு முன்னால் அந்த மைக்கில் கெட்ட சேதி மட்டும்தான் வரும். சாவு, சண்டை, புயல். அதனால் மைக் பேசாத நாள் நல்ல நாள் என்று எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. நாங்கள் தினமும் சொல்ல ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், "கடல் நன்றாக இருக்கிறது" என்று சொன்னதாகத்தான் கரையில் கேட்கும். பெரியவர் சொன்னது யோசனை மாதிரி இருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் அதுவும் பொய்தான். அலுங்காமல் சொல்கிற பொய்.

பழசைப் படித்தால் பொய். பேசாமல் இருந்தால் பொய். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏன் என்று கேளுங்கள். மீன்காரி ஒருத்தி "எனக்குத் தெரியாது" என்று ஒருதடவை சொன்னால் அதற்கப்புறம் அவள் கூடையில் எவளும் கை வைக்க மாட்டாள். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. அதுவும் கோயில் குழாயில், ஊரே கேட்க.

கடற்கரையில் நிற்கிற ஒவ்வொருத்தனும் ஒரு வீட்டுச் சோறு. செல்வி தட்டுவதை நிறுத்திவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மோடத்தை இல்லை. வாசலில் நிற்கிறவன் அவள் புருஷன்.

மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்க. நெட்டு வர்ல. இன்னிக்கு அலை எவ்ளோ, காத்து எவ்ளோ, எனக்குத் தெரியாது. நல்லா இருக்குதுன்னும் நான் சொல்லல, கெட்டுப்போச்சுன்னும் சொல்லல. தெரியாது. அதான் இன்னிக்குச் சேதி. போறதும் இருக்கறதும் இத வச்சி நீங்களே பாத்துக்குங்க."

இரண்டு தடவை சொன்னேன். கரையில் எல்லோரும் குழாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு.

"தெரியாதத சொல்றதுக்கு ஒரு மைக்கா!"

"எங்க ஆத்தாளுக்கும்தான் தெரியாது, அவளுக்கும் ஒரு மைக் குடுங்கடா!"

ஏழுமலை சிரிக்கவில்லை. அவனுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. "நல்ல நேரத்துல வாயத் தொறந்து இப்டி ஒரு வார்த்தையாக்கா? மாலை போட்ட இன்ஜின வச்சிக்கினு நான் நிக்கிறன். கடல் நல்லாக்குதுன்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும் உனுக்கு?"

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. மைக்கை அப்படியே அவன் முன்னால் நீட்டினேன்.

"இந்தா. நீ சொல்லு. உன் பேரச் சொல்லிச் சொல்லு. ஏழுமல சொல்றன், கடல் நல்லாக்குது, எல்லாரும் போங்கன்னு சொல்லு. போனவன்ல எவனாவது வர்லன்னா அவன் வூட்டு வாசல்ல நான் நிக்க மாட்டேன், நீதான் போய் நிக்கணும்."

வாங்கிவிட்டான். கையில் மைக்கை வைத்துக்கொண்டு செல்வியைப் பார்த்தான், வாசல் வழியாகக் கடலைப் பார்த்தான். கடல் அவன் சொன்ன மாதிரியே குளமாகத்தான் கிடந்தது. மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய் மாலை போட்ட இன்ஜின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டான். பாதிப் படகு போயிற்று. பாதி நின்றது. அவன் நின்றான்.

செல்விக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மறுபடி மோடத்தை உருவினாள். அவள் கட்டை விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள்.

"அக்கா, சந்தனம்!"

அதன் வாய்க்குள், கம்ப்யூட்டரில் செருகுகிற தகர வாய்க்குள், சந்தனம் கெட்டியாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே குங்குமம் வேறு. கரண்டு போகிற அளவுக்கு இடம் இருந்திருக்கிறது, விளக்கு எரிந்தது. பேச்சுப் போக இடமில்லை. விளக்கு எரிந்ததால் நாங்கள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம், மோடத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

வெளியே வந்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். "டேய்! பொட்டு வைடான்னா வாய்ல ஊட்டி வுட்டுருக்கியேடா!"

அவன் பார்த்தான். "சாமி காரியம்க்கா. அதுக்கு வாய் எது, முதுகு எதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

"தெரியாதுல்ல? அத நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!"

ஊர் நர்ஸம்மாவிடம் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி, மெல்லிய பிரஷ்ஷால் சுரண்டி, காற்றாடிக்குக் கீழே காயவைத்தோம். சாயங்காலம் செருகினோம். தரகன் வந்தான். அவனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அனுப்பினோம், விளக்கு நீலமானது, பக்கம் வந்தது. செல்வி முதலில் தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி. அப்புறம் கீழே பார்த்தாள்.

அலை கம்மி. காற்று கம்மி.

நீங்கள் வேறு எதையோ எதிர்பார்த்திருப்பீர்கள். புயல் வந்தது, நான் சொன்னதால் ஊர் பிழைத்தது என்று கதை முடியும் என்று. அதெல்லாம் ஒன்றுமில்லை. கடல் அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. போன படகுகள் விடியலில் கானாங்கெளுத்தியை வாரிக்கொண்டு வந்தன. ஒரு கூடைக்கு இரண்டு ஆள் போட்டுத் தூக்கினார்கள். நல்ல நேரம் தாண்டிவிட்டதால் ஏழுமலையின் இன்ஜின் வாடின மாலையோடு மணலிலேயே நின்றது. அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். செல்வியோடும் அளந்துதான் பேசினான்.

ஊர் எனக்குப் பெயர் வைத்தது. தெரியாதம்மா. குழந்தைகள்கூடச் சொன்னார்கள். பாகூர்ச் சந்தை வரைக்கும் பரவிவிட்டது. ஐஸ் பெட்டியைத் திறக்கும்போதே பக்கத்துக் கடைக்காரி, "மீன் புதுசான்னு அவளக் கேக்காத, தெரியாதுன்னுடுவா" என்று சிரித்தாள். மானம் போகிற மாதிரி இருந்தது. சாவியைக் குழுவில் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கொடுத்தால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். கொடுக்கவில்லை. தினமும் மைக்கைப் பிடித்தேன். நெட்டு வராத நாள் இன்னும் ஒன்றிரண்டு வந்தது. அன்றைக்கும் தெரியாது என்றே சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கார்த்திகையில் ஒருநாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மேகம் கிடையாது. கடல் பூசைக்கு மறுநாள் கிடந்ததைவிட அமைதி. செல்வி பக்கத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, சாயங்காலத்துலருந்து பெரிய அலைன்னு போட்ருக்குது. எறங்க வேணாம்னு செவப்புல போட்ருக்குது."

"தேதி?"

"இன்னிக்குதான்க்கா. மூனு வாட்டி பாத்துட்டேன்."

"மறுபடி தெறந்து பாரு."

திறந்தாள். அதேதான். நான் மைக்கில் சொன்னேன். "இன்னிக்கு எனக்குத் தெரியும். சாயங்காலம் பெரிய அலை வருது. யாரும் எறங்காதீங்க. படக மேல ஏத்துங்க."

கரையில் ஒரே சிரிப்பு. எனக்கு உள்ளே கேட்டது.

"டேய், தெரியாதம்மாவுக்கு இன்னிக்குத் தெரிஞ்சிடுச்சாம்டா!"

"வானத்தப் பாருடா, புள்ளத்தாச்சி மூஞ்சி மாதிரி தெளிவாக்குது. அலையாம்!"

யாரும் இன்ஜினை விட்டுக் கையை எடுக்கவில்லை. நான் மைக்கை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். ஏழுமலையின் படகு பாதி தண்ணீரில் இருந்தது. பிடித்துத் தள்ள நான்கு பேர் தோள் கொடுத்துக் குனிந்திருந்தார்கள். அவன் மட்டும் நிமிர்ந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தோள் கொடுத்தவர்களிடம் சொன்னான்.

"இழுங்கடா மேல."

"இன்னாடா ஏழுமல? அது சொல்லுதுன்னா?"

"தெரியாதப்ப தெரியாதுன்னு, ஊரே சிரிக்க மைக்ல சொன்ன பொம்பளடா அது. இன்னிக்குத் தெரியும்னு சொல்லுது. அன்னிக்குப் பொய் சொல்லிருந்தா நானும் சிரிச்சிக்கினு போயிருப்பன். இழுங்கடா, தென்னை வரைக்கும் இழுங்க."

இழுத்தார்கள். பக்கத்துப் படகுக்காரன் கொஞ்ச நேரம் பார்த்தான், அப்புறம் அவனும் கயிற்றைப் பிடித்தான். ஒவ்வொன்றாக ஏறியது. கடைசியாக ஏறினவன் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏற்றினான்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. காற்றில்லாமல், மழையில்லாமல், சத்தம் மட்டும் முதலில் வந்தது. படகுகள் நின்ற மணல் இருந்த இடம் தெரியவில்லை. தென்னை அடிவரை ஏறி வந்து நின்று யோசித்துவிட்டுத் திரும்பியது. ஐஸ் பெட்டிகள் சில போயின. ஆள் ஒருத்தரும் கடலில் இல்லை. செல்வி கோயில் படியில் உட்கார்ந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஊர் பார்க்கிறதே என்றுகூடப் பார்க்காமல். அவன் என் பக்கம் திரும்பி, "மோடத்த ஜன்னல்லருந்து எடுத்து உள்ள வையிக்கா, அலைச் சாரல்ல நனையப் போவுது" என்றான். பேச்சை நிறுத்தியதற்கப்புறம் என்னோடு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இப்போது உங்கள் கம்ப்யூட்டர் பெரிசு, நெட்டு சுவரிலிருந்து வருகிறது, தரகனை அனுப்புகிற வேலையும் இல்லை. உங்கள் மேசையைத் தாண்டி யாரும் கடலுக்குப் போவதில்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். மடுகரை அம்மா கூலியை விட்டுவிட்டு வந்தது உங்கள் வாய்ச் சொல்லை நம்பித்தான். காலையில் பார்த்ததை மத்தியானம் சொல்வது, முந்தாநேற்றுப் பக்கத்தைப் படிப்பதுதான். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லுங்கள். எப்போது வரும் என்று தெரியவில்லை என்றால் அதையும் எழுந்து வாசலுக்கு வந்து சத்தமாகச் சொல்லுங்கள், கடைசியில் நிற்கிறவள் காதில் விழுகிற மாதிரி. சிரிப்பார்கள். பெயர் வைப்பார்கள். என்னை இன்னும் குப்பத்தில் தெரியாதம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாராவது மரியாதைக்கு வேறு பெயர் சொன்னால் எனக்கு இப்போது திரும்பிப் பார்க்கவே தோன்றுவதில்லை.

என் ரேஷன் கார்டு வேலை இன்னும் முடியவில்லை. நாளைக்கு வில்லியனூருக்கு வருகிறேன். அந்தப் பெண் இதைப் படித்தாளானால், சர்வர் டவுனோ இல்லையோ, எப்போது பார்த்தாய் என்று கேட்பேன், பதிலை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆயா என்று கூப்பிட வேண்டாம். எனக்கு ஊர் வைத்த பெயர் இருக்கிறது.